ஒட்டாத மேனியும் ஒளிரும் ஆவியும்

தோற்றுவாய்

சேலம் மாநகரினின்று வடக்கு நோக்கிச் சென்று, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறுவார், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு என்னும் எழிலூரைக் காண்பர். ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையின் அப்பெயர் வந்ததென்பர் அவ்வூரார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்தின் ஆட்சித் தலைவராயிருந்த காக்பர்ன் துரை காப்பிப் பயிரை அம்மலையிற் புகுத்தினார். அன்று தொட்டு இன்றுகாறும், மரநிழலில் வளரும் காப்பியும் அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகும் சேர்வராயன் மலையின் செல்வங்களாய் விளங்குகின்றன. யான் பிறந்து வளர்ந்ததும் அம்மலையிலேதான்.

எம் தமையனார் நாகலூர்ப் பக்கத்தே சிறியதொரு காப்பி நாற்றுப் பண்ணை வைத்துள்ளார். நான்காண்டுகட்கு முன்னர், யான் பள்ளியிற் பயின்றபோது, அவர் இருவகை நாற்றுகளை அடுத்தடுத்த பாத்திகளில் வளர்த்தார். ஒன்று எஸ். 795 எனப்படும் நெட்டை வகை; மற்றொன்று 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற சந்திரகிரி என்னும் குட்டை வகை. நெட்டையை அகல விட்டு நட வேண்டும். குட்டையைச் சற்று நெருக்கி நடலாம். நாற்றாய் இருக்குங்கால், பழகிய கண்ணுக்கன்றி ஏனையோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின், "தம்பி, உன் கையெழுத்து அழகாயிருக்கும், பாத்திக்குப் பாத்தி நீயே பெயரெழுதி நடு" என்று பணித்தார். யானும் பழைய கோப்பு உறைகளை நறுக்கி, வெண்மையான பிளாஸ்டிக்குச் சீட்டுகள் ஆக்கி, கறுப்பு மையால் பெயரெழுதிப் பெருமிதத்தோடு நட்டு வைத்தேன்.

ஆனி மாதத்து மழை பல நாள் ஓயாது பொழிந்தது. மழை விட்ட காலையில் சென்று நோக்கினேன். சீட்டுகள் நட்டபடியே நின்றன, எழுத்துகளைத்தான் காணோம். அஞ்சிய யான், எவரிடமும் சொல்லாமல், நினைவைத் துணைக்கொண்டு மீண்டும் பெயர்களை எழுதிவிட்டேன். நினைவு பிழைத்தது. ஈராண்டு கழிந்தபின், எம்மிடம் நாற்று வாங்கிய முதியவர் ஒருவர் வந்து, தம் தோட்டத்தில் நெட்டையும் குட்டையும் ஒரே வரிசையில் விரவி நிற்பதாகச் சொல்லி வருந்தினார். தமையனார் ஒன்றும் மறுத்துரையாது, விலையின்றி வேறு நாற்றுகள் தந்து, தாமே சென்று நட்டும் கொடுத்தார். ஆயினும் அவ்வுழவர் இழந்த ஈராண்டை எவர் மீட்டுத் தருவார்?

அன்று தொட்டு என் உள்ளத்தை உறுத்திய வினா ஒன்று. காகிதத்திலும் மரத்திலும் தகரத்திலும் பற்றி நிற்கும் மை, பிளாஸ்டிக்கின்மீது மட்டும் பற்றாதது ஏன்? பால் வரும் உறையும் அதே இனத்துப் பிளாஸ்டிக்கே ஆயினும், அதன்மேல் அச்சிட்ட எழுத்து நீரிற் கிடந்தும் அழியாதது எங்ஙனம்? தமிழ் பயில்வானுக்கு இவ்வாராய்ச்சி எதற்கென நண்பர் சிலர் நகைக்கலாம். எழுத்தைக் கற்பவன் எழுத்து நிற்கும் இடத்தையும் கற்றல் தகும் என்பதே என் விடை.

பெயரும் பொருளும்

பிளாஸ்டிக்கை இக்காலத்தார் நெகிழி என்பர். சூட்டால் நெகிழ்ந்து வேண்டிய வடிவைக் கொள்ளுதலின் அப்பெயர் பொருத்தமுடையதே. பழந்தமிழில் ஞெகிழி என்னுஞ் சொல் கொள்ளிக்கட்டைக்கும் பெயராய் வழங்கியது. பிளாஸ்டிக்கின் பிடிவாதத்தை நெருப்பின் உறவினதாகிய ஒரு பொருளே தீர்க்கின்றது என்பதை நோக்க, இவ்விரு சொற்களின் ஒலியொற்றுமை எனக்கு இனிய தற்செயலாகத் தோன்றுகின்றது.

நாம் நாள்தோறும் கையாளும் பிளாஸ்டிக்குகளுள் முதன்மையானவை பாலியெத்திலீனும் பாலிப்புரோப்பிலீனும் ஆம். முன்னதை 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு வேதியியலார் இருவர், மிகுந்த அழுத்தத்தில் எத்திலீன் வாயுவை ஆராய்ந்துழி, எதிர்பாராது கண்டனர். பின்னது 1950-களில் தொழிலுலகில் இடம் பெற்றது. இரண்டும் கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரு தனிமங்களாலேயே ஆன நெடுஞ்சங்கிலிகள். அவற்றின் நன்மையும் குறையும் இவ்வமைப்பிலேயே அடங்கியுள்ளன.

ஒட்டாமைக்குக் காரணம்

ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்வாரைத் தாமரையிலைத் தண்ணீர் என்று கூறுதல் நம் வழக்கு. எம் மலையில் ஓடையோரத்துச் சேம்பிலையும் அத்தகையதே. மழைத்துளி அதன்மேல் முத்தாய்த் திரண்டு உருண்டோடும். அவ்விலைகளின் மேல் மெழுகுப் பூச்சும், கண்ணுக்குத் தோன்றாத நுண்ணிய முகிழ்களும் உள. பிளாஸ்டிக்கிலோ முகிழ்கள் இல்லை. ஆயினும் மெழுகின் இயல்பு உண்டு. பாலியெத்திலீனும் மெழுகுவர்த்தியின் பாரபினும் ஒரே குடிப்பிறந்தனவே. சங்கிலியின் நீளம் ஒன்றே இரண்டையும் வேறாக்குகின்றது.

ஒரு நீர்மம் ஒரு திண்பொருளின்மேற் பரவுமா, திரண்டு நிற்குமா என்பதை இரு விசைகளின் போட்டி முடிவு செய்கின்றது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. இது நீரின் பரப்பு இழுவிசை. திண்பொருளின் மேனியும் அவற்றைத் தன்பால் ஈர்க்கின்றது. இதனை அம்மேனியின் பரப்பாற்றல் என்னலாம். மேனியின் ஈர்ப்பு மிகுமாயின் துளி பரவும். குறையுமாயின் துளி தன்னுள் தானே சுருண்டு கொள்ளும். துளியின் விளிம்பு மேனியோடு அமைக்குங் கோணத்தைத் தொடுகோணம் என்பர். அக்கோணத்திற்கும் இவ்விசைகட்கும் உள்ள தொடர்பை 1805ஆம் ஆண்டில் தாமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார்.

இனி, அளவுகளை நோக்குவோம். சென்டிமீட்டருக்கு இத்துணை டைன் என்று இவ்வாற்றலை அளப்பர். நீரின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 72 டைன். பாலியெத்திலீனின் பரப்பாற்றல் 31 டைன் அளவினது. பாலிப்புரோப்பிலீனினது 30 டைன் அளவினது. அச்சு மை நன்கு பற்றுதற்கு மேனிக்கு 38 முதல் 40 டைன் வரையிலேனும் வேண்டும் என்பது அச்சுத் தொழிலார் கொள்கை. என் சீட்டுகளின் எழுத்து ஏன் அழிந்ததென்பது இவ்வெண்களாலேயே விளங்கும். மை சீட்டின்மேல் இருந்ததேயன்றிச் சீட்டைப் பற்றியிருந்ததில்லை.

இதற்கு மறுதலையான பொருளும் எம் மலையிலேயே உண்டு. சேர்வராயன் மலைமுகடுகளிற் காணப்படும் பாக்சைட்டுக் கல் முன்னாளில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வெட்டிச் செல்லப்பட்டது. அக்கல்லினின்று பிறக்கும் அலுமினியம் காற்றுப் பட்ட உடனே பிராணவாயுவாகிய ஆக்சிஜனோடு கூடி மெல்லியதொரு தோலைப் போர்த்துக்கொள்ளும். தூய்மையான அத்தோலில் வண்ணமும் பசையும் பற்றும். பாலியெத்திலீனின் மேனியிலோ ஆக்சிஜனைக் காண்டல் அரிது. பிறரைப் பற்றுதற்குக் கை நீட்டாத ஒருவனைப்போல அது நிற்கின்றது. ஆதலின் நாம் செய்யத்தக்கது யாதெனின், அதன் மேனிக்குக் கைகளைத் தருதலேயாம். அதுவும் உள்ளுடம்பு சிதையாதபடி செய்தல் வேண்டும்.

பொருளின் நான்காம் நிலை

திண்மை, நீர்மை, வாயு என மூன்று நிலைகளைப் பள்ளியிற் கற்றோம். வாயுவுக்கு மேன்மேலும் ஆற்றல் ஊட்டினால், அதன் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்தோடும். எஞ்சியவை அயனிகளாகும். இங்ஙனம் எலெக்ட்ரான்களும் அயனிகளும் மின்னூட்டமற்ற துகள்களும் விரவிய ஒளிரும் ஆவியே நான்காம் நிலை. 1879இல் வில்லியம் குரூக்ஸ் இதனைத் தம் கண்ணாடிக் குழல்களில் ஆராய்ந்தார். 1928இல் இர்விங் லாங்மியூர் இதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். கதிரவன் பிளாஸ்மா, வானத்து மின்னலும் பிளாஸ்மா, குழல்விளக்கினுள் ஒளிர்வதும் பிளாஸ்மாவே.

கதிரவனைப் போன்ற வெம்பொருள் தீண்டினால் பிளாஸ்டிக்கு உருகி ஒழியாதோ என்று வினவலாம். நன்று வினவினீர். பிளாஸ்மாவில் வெம்மையுடையதும் உண்டு, தண்மையுடையதும் உண்டு. ஒரு பானை குளிர்ந்த அரிசியிடையே சில கடுகுகள் மட்டும் கனன்றாலும் பானை சுடாது. அதுபோலத் தண்பிளாஸ்மாவில் எடை மிகக் குறைந்த எலெக்ட்ரான்கள் மட்டும் பேராற்றலோடு பாய்கின்றன. எடை மிக்க அணுக்களும் மூலக்கூறுகளும் அறையின் வெப்பத்தை அடுத்த நிலையிலேயே உள்ளன. குழல்விளக்கு எரியும்போது அதனைத் தொட்டாலும் கை வெந்து போகாமைக்கு இதுவே காரணம்.

பிளாஸ்டிக்கைப் பண்படுத்துங் கலத்தில் முதலிற் காற்றைப் பெரும்பாலும் இறைத்து விடுவர். பின்னர் வேண்டிய வாயுவைச் சிறிதளவு புகுத்தி, இரு மின்வாய்களிடையே மின்சாரம் செலுத்துவர். கலம் ஊதா நிறமாகவோ வேறு நிறமாகவோ ஒளிரும். சில நொடி முதல் சில நிமிடம் வரை பிளாஸ்டிக்கு அவ்வொளியில் நீராடி வெளிவரும். கண்ணால் நோக்கின் மாற்றம் ஒன்றும் தோன்றாது. ஒரு துளி நீரை இட்டு நோக்கினாலோ, முன்பு முத்தாய் நின்ற நீர் இப்பொழுது பாயாய்ப் பரவும்.

மேனியில் நிகழ்வன

அவ்வொளியில் நிகழும் மாற்றங்களை நான்காக வகுத்துரைக்கலாம்.

முதலாவது, தூய்மை. பிளாஸ்டிக்கின் மேற்படிந்த எண்ணெயும் கைப்படிவும் தாக்குண்டு ஆவியாய் அகலும். அழுக்குச் சுவரில் பூசிய சுண்ணம் உதிர்வதை அறிவோமன்றோ? ஆதலின் இதுவே முதற்படி.

இரண்டாவது, செதுக்கல். துகள்களின் தாக்குதலால் மேனி நுண்ணிய மேடு பள்ளங்களை உடையதாகும். சுவருக்கு மறுபூச்சு இடுமுன் கொத்தன் அதனைக் கொத்தி விடுவதை இதற்கு ஒப்பிடலாம். பள்ளங்களில் மையும் பசையும் இறங்கி வேர் கொள்ளும்.

மூன்றாவது, கைகொடுத்தல். இதுவே தலையாயது. எலெக்ட்ரான்களின் ஆற்றலும் பிளாஸ்மாவின் புற ஊதாக் கதிர்களும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுக்கப் போதுமானவை. அறுந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து அமர்ந்து ஹைட்ராக்சில், கார்போனில், கார்பாக்சில் என்னுங் கூட்டங்களை ஆக்கும். நீரையும் மையையும் பசையையும் பற்றும் கைகள் இவையே.

நான்காவது, குறுக்குப் பிணைப்பு. ஆர்கான் போன்ற மந்த வாயுக்களில் இட்டால், அறுந்த சங்கிலிகள் அயற் சங்கிலிகளோடு பிணைந்து, உதிருந் தன்மையுள்ள மேற்றோலை உறுதியாக்கும். பாயின் கோரைகளைக் குறுக்கு நூல் கோத்துப் பிணைப்பது போல்வது இது.

எவ்வாயுவைப் புகுத்துகின்றோமோ அதற்கேற்பவே விளைவும் அமையும். ஆக்சிஜனும் காற்றும் மேனியை நீர் விரும்புவதாக்கும். அம்மோனியா நைட்ரஜனுடைய கூட்டங்களைத் தரும். ஃபுளூரின் உடைய வாயுக்களோ அதற்கு மாறாக நீரை முன்னினும் வெறுக்கச் செய்யும். ஒரே கலம் ஒருவனை நண்பனாக்கவும் துறவியாக்கவும் வல்லதாயிருத்தல் வியப்பன்றோ!

இம்மாற்றங்கள் எத்துணை ஆழம் செல்லும்? சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையே. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை எண்ணினால், இஃது எத்துணை மெல்லிய மாற்றம் என்பது புலனாகும். ஆகவே முறையாகச் செய்யின் பிளாஸ்டிக்கின் வலிமை, எடை, ஒளியூடுருவல், நெகிழ்ச்சி ஆகிய உள்ளியல்புகள் முன்போலவே இருக்கும். நனைதல், ஒட்டுதல், வண்ணம் ஏற்றல், உராய்தல் ஆகிய மேனியியல்புகள் மட்டும் மாறும். பாலியெத்திலீன்மேல் நீர்த்துளியின் தொடுகோணம் முன்னர் 90 பாகைக்கு மேற்பட்டிருக்கும். நன்கு பண்படுத்தியபின் 60 பாகைக்குங் கீழே இறங்குதல் இயல்பு.

நம் நாட்டில்

இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கி நிற்கவில்லை. கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்து இயற்பியலார் பாலிப்புரோப்பிலீன், பாலியெஸ்டர் ஏடுகளை நேர்மின்னோட்ட ஒளிர்வில் இட்டு ஆராய்ந்து, தம் முடிபுகளை 2008, 2009 ஆண்டுகளையொட்டி வெளியிட்டனர். தொடுகோணம் குறைந்ததும், பரப்பாற்றலும் சொரசொரப்பும் மிகுந்ததும், அவற்றின் பயனாய் ஒட்டுந்திறன் உயர்ந்ததும் அவர்தம் ஆய்விற் புலனாயின. எம் மலைக்கு அயன்மையிலேயே இவ்வாராய்ச்சி நிகழ்ந்ததை அறிந்து யான் மகிழ்ந்தேன்.

குசராத்து மாநிலத்துக் காந்திநகரில் 1986 முதல் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் தனி நிறுவனமாக இயங்கி வருகின்றது. அதன் முதல் இயக்குநர் பிரெதிமான் கிருஷன் காவ் என்னும் அறிஞர். பிளாஸ்மாவைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் பொருட்டு 1997இல் அக்கழகம் தனிப்பிரிவு ஒன்றை நிறுவியது. அப்பணிகளுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது அங்கோரா முயலின் மயிரைப் பற்றியது. அம்மயிர் மிக வழுவழுப்பானது; ஆதலின் இழைகள் ஒன்றையொன்று பற்றாமல் நூற்குங்கால் நழுவி உதிரும். பிளாஸ்மாவில் இட்டு எடுத்தபின் இழைகளிடையே உராய்வு மிகுந்து நூற்றற்கு எளிதாயிற்று. முயல்மயிர் பிளாஸ்டிக்கன்று; ஆயினும் அதுவும் நெடுஞ்சங்கிலிகளால் ஆனதே. மலைவாழ் மக்களின் கைத்தொழிலுக்கு ஒளிரும் ஆவி துணைசெய்தது போற்றத்தக்கது.

வேறு பயன்களும் பல. ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களை வளர்க்கும் பாலிஸ்டைரீன் தட்டுகளை இங்ஙனம் பண்படுத்தினாலன்றி அணுக்கள் அவற்றிற் பற்றி வளர்தல் அரிது. மோட்டார் வண்டிகளின் பிளாஸ்டிக்கு உறுப்புகளில் வண்ணம் நிலைப்பதற்கும் பிளாஸ்மாவோ சுடரோ உதவுகின்றது. பால் உறையைப் போன்ற நெடிய ஏடுகளை வெற்றிடக் கலத்தில் இடுதல் எளிதன்று. அவற்றிற்குக் கொரோனா என்னும் முறை 1950-கள் தொட்டுப் பயன்படுகின்றது. உருளைமேல் ஓடும் ஏட்டின்மீது உயர்ந்த மின்னழுத்தத்தால் சாதாரணக் காற்றிலேயே மின்னிறக்கம் உண்டாக்குவதே அம்முறை. பால் உறையின் எழுத்து அழியாமைக்கு இங்ஙனம் ஆயத்தம் செய்யப்பெற்ற மேனி ஒரு காரணமாம்.

இரு குற்றங்கள்

எம்முறைக்கும் எல்லை உண்டு. முதற் குற்றம், முதுமை. பண்படுத்திய மேனி நாட்செல்லச் செல்லத் தன் பழைய இயல்பை நோக்கித் திரும்பும். சங்கிலிகள் முற்றும் அசைவற்றவை அல்ல. ஆதலின் புதிய கைகள் மெல்ல உட்புறம் திரும்பிவிடும். பிளாஸ்டிக்கினுட் கலந்துள்ள வழுக்குப் பொருள்களும் மேலெழுந்து படியும். ஆகவே பண்படுத்தியவுடன் அச்சிடுதல் வேண்டும். இரும்பு காய்ந்திருக்கும்போதே அடித்தல் கொல்லன் தொழில்; மேனி விழித்திருக்கும்போதே எழுதுதல் அச்சன் தொழில்.

இரண்டாவது குற்றம், மிகை. நெடுநேரம் பண்படுத்தினால் சங்கிலிகள் அளவின்றி அறுந்து சிறு துண்டுகளாகும். அத்துண்டுகள் மேனியின்மேல் பொடிபோற் கிடக்கும். மை அவற்றைப் பற்றும். அவை மேனியைப் பற்றா. ஈற்றில் இரண்டும் ஒருங்கே உரிந்து வரும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் முதுமொழி ஈண்டும் பொருந்துகின்றது.

எம் பண்ணையிற் செய்து பார்த்தது

நாற்றுப் பண்ணைக்குப் பிளாஸ்மாக் கலம் ஏது? ஆயினும், எம் கல்லூரி இயற்பியற் பேராசிரியர் ஒருவரை அணுகி வினவியபோது, சுடர் முறை என்று ஒன்றும் உண்டென அவர் தெளிவித்தார். வாயு அடுப்பின் நீலச் சுடரில் அயனிகளும், ஆக்சிஜனைத் தாங்கிய வினைமிக்க துகள்களும் உள. அச்சுடர் பிளாஸ்டிக்கின்மேல் ஒரு நொடிக்குங் குறைவாகத் தழுவிச் சென்றால் மேனியில் ஆக்சிஜன் அமரும். மஞ்சட் சுடர் ஆகாது; அது கரியைப் படியச் செய்யும்.

சென்ற ஆண்டு விடுமுறையில், திறந்த முற்றத்தில், தமையனார் அருகிருக்க இதனைச் செய்து பார்த்தேன். முதலிரண்டு சீட்டுகள் நெளிந்து கெட்டன. கை பழகியபின் ஏனையவை கெடவில்லை. சுடர் தீண்டாத சீட்டில் நீர் துளித்துளியாய்ச் சுருண்டது. சுடர் தீண்டியதில் ஏடுபோற் பரவியது. இருவகைச் சீட்டுகளிலும் ஒரே மையால் எழுதி ஒரே பாத்தியில் நட்டேன். மழைக்காலம் கழிந்தபின் தீண்டாதவற்றின் எழுத்துகள் அழிந்தும் குறைந்தும் போயின. தீண்டியவை மங்கினவேனும் படிக்கத்தக்கனவாய் நின்றன. சுடரில் இட்டு ஒரு திங்கள் வாளாவைத்திருந்து எழுதிய சீட்டுகள் இரண்டிற்கும் இடைப்பட்டு நின்றன. இது சிறியதொரு சோதனையே; இதனைக்கொண்டு பெருமுடிபு கூற யான் துணியேன். ஆயினும் நூலிற் கற்றது மழையிலும் உண்மையாயிற்று என்பதில் எனக்கு நிறைவுண்டு.

மற்றொரு பக்கம்

இதுவரை பிளாஸ்மாவின் நன்மையையே பேசினோம். நடுவுநிலைமை கருதி மற்றொன்றும் கூறுவேன். தின்பண்டங்கள் அடைக்கும் பளபளப்பான உறைகள் பல ஒரே பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல. வெவ்வேறு ஏடுகளை ஒட்டிச் செய்தவை. இயல்பாக ஒன்றோடொன்று ஒட்டாத ஏடுகளை ஒட்டச் செய்வதற்கு இத்தகைய மேனிப் பண்பாடே துணைபுரிகின்றது. நன்கு ஒட்டியவற்றைப் பின்னர்ப் பிரித்தல் அரிது; பிரிக்க இயலாதவற்றை உருக்கி மீண்டும் பயன்படுத்தலும் அரிது. அவ்வுறைகளே ஏற்காட்டு வளைவுகளின் பள்ளங்களிலும் ஓடைகளிலும் கிடக்கக் காண்கின்றோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் பலவற்றை 2019 சனவரி 1 முதல் நம் மாநில அரசு தடைசெய்தது நன்று. ஆணை வழி காட்டும். நடக்க வேண்டியவர் நாமே.

ஆகவே ஒட்டச் செய்யும் கலையைக் கற்குந்தோறும், பிரிக்கும் வழியையும் உடன் எண்ணுதல் அறிவுடையார் கடன். நெடுநாள் நிற்க வேண்டிய சீட்டுக்கும், நோயாளர்க்கு உதவும் ஆய்வுத் தட்டுக்கும் இக்கலை வேண்டும். ஒரு நாழிகை தின்று எறியும் உறைக்கும் இத்துணை உறுதி வேண்டுமா என்பதை மாணவ நண்பர்கள் சிந்திப்பாராக.

முடிபு

சுருங்கக் கூறின், பிளாஸ்டிக்கின் ஒட்டாமை அதன் மேனியில் பற்றுங்கைகள் இன்மையால் வருவது. பிளாஸ்மா அம்மேனியைத் தூய்மை செய்து, செதுக்கி, கைகள் தந்து, குறுக்கே பிணைக்கின்றது. உள்ளுடம்பு மாறுவதில்லை, மேனி மட்டும் மாறுகின்றது. அம்மாற்றமும் நிலையானதன்று, காலத்தால் குறையும், அளவு மீறின் கெடுக்கும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் யான் செய்ய வேண்டிய கடமை ஒன்று எஞ்சியிருந்தது. நான்காண்டுகட்கு முன் அழிந்த எழுத்துகளை நினைவால் நிரப்பியதைத் தமையனாரிடம் கூறினேன். அவர் சற்று நேரம் வாளாவிருந்து, "சீட்டு அழிந்தது உன் குற்றம் அன்று, தம்பி, அழிந்ததென்று சொல்லாததே குற்றம்" என்றார். பின்பு அம்முதியவர் தோட்டத்துக்கு என்னையும் உடன் அழைத்துச் சென்றார். யான் நிகழ்ந்ததை உரைத்து மன்னிப்பு வேண்டினேன். அம்முதியவர் நகைத்து, விரவி நின்ற செடிகளை வரிசை வரிசையாய்க் காட்டி, நெட்டையையும் குட்டையையும் இலை நோக்கிப் பிரித்தறியும் வகையை எனக்குக் கற்பித்தார். எழுத்து அழிந்தாலும் செடியே தன் பெயரைச் சொல்லும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆயினும் இவ்வாண்டுச் சீட்டுகளைச் சுடரிற் காட்டி, அன்றே எழுதி, மறக்காமல் ஏட்டிலும் ஒரு படி எழுதி வைத்துள்ளேன்.